நாலாம் நம்பர் கிரேன்

புதன்கிழமை நாலு மணிக்கு அந்த பெஞ்சில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நீலச் சீருடை, மடியில் சாப்பாட்டு டப்பா. துறைமுக அலுவலகத்தில் துப்புரவு வேலையாம். கேட்காமலே சொன்னாள். சொல்லாமலே நகர்ந்தும் கொண்டாள்.

தையல்காரி கடலைப் பார்க்க அமர்ந்தாள். பூங்காவில் வேறு ஈ காக்கை இல்லை. காற்றில் டீசலும் உப்பும் கலந்த வாடை.

கடைக்கு விடுமுறை இந்த ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் சாயம் போன புடவை. இன்று மட்டும் பளீர் ஆரஞ்சு. நூறு அடி உயரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டுமே.

தண்ணீருக்கு அந்தப் பக்கம் கிரேன்கள் வரிசையாக நின்றன. நாலாம் நம்பர் அவள் மகனுடையது. கேபினிலிருந்து குனிந்தால் பூங்கா முழுக்கத் தெரியும் என்று, வேலை கிடைத்த அன்று அவனே சொன்னான்.

அதற்கு மறு மாதம்தான் அவன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றதும், இவள் வாசலை மறித்துக்கொண்டு இனி என் முகத்தில் முழிக்காதே என்றதும்.

சொன்ன சொல் தட்டாத பிள்ளை. மூன்று வருடமாக முழிக்கவில்லை.

போய் அழைக்க ரோஷம் விடவில்லை. சும்மா இருக்கப் பெற்ற வயிறு விடவில்லை. அதனால்தான் இந்த பெஞ்ச். அவன் வேலையைப் பார்க்கட்டும். அப்படியே கொஞ்சம் கீழேயும் பார்க்கட்டும்.

ஆரம்பத்தில் கண்ணாடிக்குள் புள்ளியாக ஒரு தலை தெரியும். இளைத்தானா, பெருத்தானா என்று அந்தப் புள்ளியை வைத்தே கவலைப்படுவாள். இப்போதெல்லாம் அதுவும் தெரிவதில்லை. ஊசி கோத்துக் கோத்துக் கண் போய்விட்டது என்று விட்டுவிட்டாள்.

கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கியது. பாதி வழியில் ஒரு நொடி நின்றது.

பார்க்கிறான்.

தையல்காரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள்.

"அங்க என்னக்கா அப்படிப் பாக்கறீங்க? மேல ஆளே கிடையாது," என்றாள் சீருடைக்காரி, வாய் நிறைய.

ஒரு வருடமாகக் கேபின் காலியாம். டிரைவர்களைக் கீழே இறக்கி, ஓர் அறையில் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டார்களாம். பொம்மைக் காரை ஓட்டுவது போல அங்கிருந்தே ஓட்டுகிறார்களாம். எந்த அறை? முதுகுக்குப் பின்னால், ரோட்டைத் தாண்டி நிற்கும் மஞ்சள் கட்டடத்தைத் தாடையால் காட்டினாள்.

தையல்காரி திரும்பவில்லை. கழுத்து வரவில்லை.

ஒரு வருடம். ஐம்பது புதன்கிழமை. ஆளில்லாத இரும்புக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, பெற்ற பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

சீருடைக்காரி டப்பாவை மூடியபடி தன் குறையைப் பாடினாள். டிவியில் வெளிச்சம் அடிக்கக் கூடாதென்று ஜன்னல் திரைகளை எப்போதும் இறக்கியே வைக்க வேண்டும். ஒன்று ஏறியிருந்தாலும் திட்டு இவளுக்குத்தான்.

"ரெண்டாவது மாடியில ஒருத்தர் இருக்காருக்கா. மத்த நாள் தங்கமான மனுஷன். புதன்கிழமை நாலு மணியானா திரையைத் தூக்கி விட்டுடறாரு. ஏங்கன்னு கேட்டா, காத்து வரட்டும்ங்கறாரு. அது தொறக்கவே தொறக்காத கண்ணாடி."

தையல்காரி எழுந்தாள். திரும்பினாள்.

இரண்டாவது மாடியில் எட்டு ஜன்னல்கள். ஏழில் திரை இறங்கியிருந்தது.