தலைமாடு

"இன்னுமா கொட்டகைக்கு மாத்தலை?"

வைரவன் சேர்வை தெருவில் நின்றபடியே நடு வீட்டைப் பார்த்துக் கேட்டார்.

திருக்கோகர்ணத்தில் அவருக்கு மூன்று வாடகை வீடுகள். மூன்றும் ஒரே வரிசை, ஒரே ஓட்டுக்கூரை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே உத்தரம். அப்பா கட்டியவை. சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த பிறகும் அந்த வரிசைக்குச் சேர்வை வீடுகள் என்றுதான் பெயர். அங்கே குடியிருந்தவன் எவனும் குறை சொல்லிவிட்டுப் போனதில்லை என்று சொல்லும்போது அவர் குரலே மாறும்.

நடு வீட்டில் ராக்காயிக் கிழவி காலையிலிருந்து இழுத்துக்கொண்டு கிடந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவிட்டம் பிறக்கிறது. அவிட்டத்தில் உயிர் போனால் அடைப்பு. உயிர் போன வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். ஒரே உத்தரத்தின் கீழ் இருப்பதால் அடைப்பு மூன்று வீட்டுக்கும் சேரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

வடக்கு வீட்டில் குடியிருந்த கோர்ட்டு குமாஸ்தா நாகராசு, பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெற்கு வீட்டில் டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

இரண்டு குடும்பமும் மூட்டையோடு வெளியேறுவதை ஊர் பார்க்கும். சேர்வை வீடுகளை விட்டு ஆட்கள் ஓடினார்கள் என்று சந்தையில் பேசும். அதற்கப்புறம் அந்த வரிசையில் யார் குடி வருவார்கள்?

உயிர் இருக்கும்போதே கிழவியைக் கொல்லைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டால் வீட்டுக்கு ஒன்றுமில்லை. எல்லாரும் செய்வதுதான். ஐந்து நிமிஷ வேலை.

சேர்வை தெருவில் மேலும் கீழும் நடந்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். போட்டதை மறுபடி எடுத்தார். கோயில் பாறைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டிருந்தது.

மற்ற இரண்டு வீடுகளிலும் உள்ளே போய், ஓடு ஒழுகுகிறதா, சுவர் ஊறுகிறதா என்று தட்டிப் பார்த்து வருவார். நடு வீட்டுக்கு மட்டும் தெருவோடு சரி. வேலை இருந்தால் கொத்தனாரை அனுப்பிவிடுவார். கண்ணை மூடுவதற்கு முன்னால் அப்பா அவரிடம் சொன்னது ஒன்றுதான். நடு வீட்டில் இருப்பவளைக் கிளப்பாதே. ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவுமில்லை.

செவந்தி வெளியே வந்தாள். கிழவிக்கு ஒரே மகள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"தூக்க ஆளு பத்தலைங்க ஐயா. எங்க வீட்டுக்காரரு ஒத்தையாளா நிக்கிறாரு."

சேர்வை வடக்கு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"நாகராசு, போயி ஒரு கை பிடியேம்ப்பா."

நாகராசு சாக்குமூட்டையை விட்டு எழவில்லை.

"கால்மாடுன்னா பிடிக்கிறேங்க. உசிரு ஊசலாடுற கட்டிலு, தலமாட்டை மகன் தூக்கணும், இல்லாட்டி மகன் முறைக்காரன் தூக்கணும். எங்காத்தா ஊருல கல்லுக் கணக்கா இருக்கா. அவ இருக்கையில என்னைய இன்னொருத்திக்கு மகனாகச் சொல்றீங்களா?"

தெருவில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. தெற்கு வீட்டிலிருந்து ஒரு பெண் குரல், முறைக்காரன் யாராவது இருந்தால் சீக்கிரம் ஆள் அனுப்பு என்றது.

செவந்தி சேர்வையின் பக்கம் பார்க்கவே இல்லை.

"எங்காத்தாவுக்கு மகன் முறைன்னு ஒருத்தரும் இல்லீங்க," என்றாள். "நாதியத்தவளாவே போகட்டும்."

தெரு முழுக்கக் கேட்க வேண்டும் என்றே அதை உரக்கச் சொன்னாள். அது சேர்வைக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் அந்த வீட்டார் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதும்.

அவர் ஜிப்பாவைக் கழற்றி நாகராசின் மூட்டைமேல் போட்டார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். நடு வீட்டுக்குள் போனார்.

உள்ளே இருட்டும் தைல வாடையுமாக இருந்தது. கயிற்றுக் கட்டிலில் கிழவி ஒரு பிள்ளையின் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தாள். மூச்சு நின்று நின்று வந்தது. கால்மாட்டில் நின்ற மருமகன் பிச்சை, சேர்வையைக் கண்டதும் குனிந்து தன் பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

சேர்வை தலைமாட்டுச் சட்டத்தைப் பற்றினார். கட்டில் எழுந்தது. கனமே இல்லை.

பிச்சை கொல்லைக் கதவை நோக்கித் திரும்பினான்.

"அங்கிட்டு இல்ல. வாசப்பக்கம் திருப்பு. என் வீட்டுக்குப் போகணும்."

பிச்சை அப்படியே நின்றுவிட்டான். "ஐயா, அடைப்பு ஒங்க வீட்டுல விழுந்துருமேங்க."

"விழட்டும். நட."

கட்டில் வாசலுக்கு வந்தது. பிச்சை முதலில் வெளியே இறங்கினான். நாகராசு எழுந்து நின்றார். தெற்கு வீட்டில் பெட்டி இழுக்கும் சத்தம் நின்றிருந்தது. எதிர்வரிசையில் ஒவ்வொரு கதவிலும் ஆட்கள் வந்து நின்று, கால்மாட்டைப் பார்த்தார்கள். பிறகு தலைமாட்டில் வருவது யார் என்று பார்த்தார்கள்.

செவந்தி ஓடிவந்து வாசல் நிலைக்கும் சேர்வையின் தலைக்கும் நடுவே கையை நீட்டி மறைத்துப் பிடித்தாள்.

"குனிஞ்சு வாங்கண்ணே. நெல இடிச்சிரும்."

வைரவன் சேர்வை குனிந்தார்.