இரண்டு கைகள் கேட்டவள்

மலேசியாவின் கிள்ளான் நகர மண்டபத்து மேடையில் புஷ்பவல்லிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது வலது தோளிலிருந்து நழுவியது. பிடித்து நிறுத்த அந்தப் பக்கம் கை இல்லை.

லேபில் நீராவிக் கலன் வெடித்து, முழங்கைக்குக் கீழே போய்ப் பத்து மாதம் ஆகிறது.

போனது கைதான். எண்ணெய்ப்பனையின் அடித்தண்டை அழுக வைக்கும் காளானைப் பற்றி வருடக்கணக்கில் சேர்த்த அறிவு அப்படியே தலைக்குள் இருந்தது. காப்பார் தோட்டத்தில் அவள் நட்ட கன்றுகளும் இருந்தன. அவற்றின் வேரை மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கொடுக்க ஓர் உதவியாளர் கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு ஆராய்ச்சியை அவளிடமிருந்து எடுத்துவிடுவதாகத் துறையில் சொல்லிவிட்டார்கள்.

பணிக்காலத்தில் ஊனமுறும் விஞ்ஞானிகளுக்கு இந்த விழாவை நடத்தும் அறக்கட்டளை உதவுகிறது என்று சொன்னதே அவளோடு வேலை செய்யும் ஜெயராஜ்தான். உதவியாளர் கேட்கும் மனுவை டைப் அடித்துக் கொடுத்தான். தானே கொண்டுபோய்ச் சேர்த்தான். இன்று தன் காரில் கூட்டியும் வந்தான். இப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அறக்கட்டளையின் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய பழனியப்பன் மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. அறிவியலில் ஆரம்பித்து, பெண்மை, தாய்மை என்று ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் ‘இந்த அபலைச் சகோதரி’ என்று வந்து நின்றார்.

அபலையாம்! உதவியாளர் கிடைக்கட்டும் என்று புஷ்பவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

மேடை ஓரத்தில் இருந்த பரிசுப்பொருளின் மேலிருந்து டத்தோ சிவப்புத் துணியை உருவினார்.

தையல் மெஷின்.

சொந்தக் காலில் நிற்க இது போதும் என்று மைக்கில் சொன்னார். மண்டபம் கைதட்டியது. ஒருவருக்கும் வெட்கமாக இல்லை. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு இவள் எதைத் தைப்பாள் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் நாதியில்லை.

படம் எடுப்பவர் அவளை மெஷின் முன்னால் உட்காரவைத்து, இல்லாத கை படத்தில் விழாதபடி பொன்னாடையை இழுத்துவிட்டார். தன் உடம்பிலேயே யாரோ எச்சில் துப்பியதுபோல் இருந்தது அவளுக்கு.

செயலாளர் நாகையா பக்கத்தில் வந்ததும், தான் கேட்ட உதவியாளர் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

“அதுவும் பாஸ் ஆயிருச்சு லா, டாக்டர். ஒரு வருஷத்துக்கு ஆள் போட்டாச்சு. ஆராய்ச்சி நிக்காது.”

அவளுக்கு உயிர் வந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது. காப்பார் கன்றுகளுக்கு நாளையே போய்விடலாம். டத்தோவைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. மெஷினைத் தேவைப்பட்ட யாருக்காவது கொடுத்துவிட்டால் ஆயிற்று.

நாகையா முன்வரிசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

“எல்லாம் மிஸ்டர் ஜெயராஜ் பேர்லதான் போட்டிருக்கோம். நீங்க இனிமே வீட்டுல இருக்கப்போறதா, ஆராய்ச்சிய அவரே பார்த்துக்கப்போறதா அவர்தானே ஆபீசுக்கு வந்து சொன்னாரு? பாவம், உங்களுக்குப் பொழுதுபோகணுமேன்னு இந்த மெஷின்கூட அவர் குடுத்த ஐடியாதான்.”

மெஷினைக் காருக்குத் தூக்கிப்போக ஜெயராஜ் மேடையேறி வந்துகொண்டிருந்தான்.