கடைசி ஓவர்

குரங்குகளுக்கு எதிரான இறுதிப் போட்டியில் இரண்டு ஓவர்தான் மிச்சம். கேப்டன் கரடி, தன் காட்டிலேயே வளர்ந்த முயலிடம் அரை மனதோடு பந்தைக் கொடுத்தது. முதல் பந்தே சிக்ஸர். அடுத்த ஐந்து பந்துகளில் முயல் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.

“உனக்கெல்லாம் இது சரிப்படாதுடா,” என்று கரடி தலையில் அடித்துக்கொண்டது.

கடைசி ஓவரை, பக்கத்துக் காட்டிலிருந்து வரவழைத்திருந்த நரி வீசியது. வரிசையாக மூன்று சிக்ஸர். கோப்பை கைவிட்டுப் போனது.

கரடி ஓடிப்போய் நரியின் தோளைத் தட்டியது. “விடுங்க சார், இதெல்லாம் ஓர் அனுபவம். அடுத்த வருஷமும் நீங்கதான்.”

முயலுக்குக் காது தொங்கிப்போனது. “எனக்கு எப்பண்ணே அனுபவம் வரும்?”

கரடி பாசத்தோடு சொன்னது: “நீயும் பக்கத்துக் காட்டுக்குப் போய் ஆடுடா. நாங்களே மாலையோட வந்து கூப்பிடுறோம்.”