கடாரத்தில் ஒரு லா

தியேட்டர் கார் பார்க்கில், தாமரையின் வேனுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எதிர் வரிசையில் சுகுமாறன் தன் காருக்குள் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். எந்தப் படம் வந்தாலும் முதல் காட்சி முடிந்ததும் காரில் உட்கார்ந்தே லைவில் விமர்சனம் சொல்வார். கிள்ளானில் அவர் சொன்னால்தான் கூட்டம் வரும். போன மாதம் ஒரு படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். மறுநாளே தியேட்டரில் தூக்கிவிட்டார்கள்.

எங்கள் படம், கிள்ளான் லோரிக்காரன் ஒருவன் ஆயிரம் வருஷம் பின்னால் போய்ச் சோழர் படைக்கு நடுவே கடாரத்தில் விழும் கதை. இயக்கம் தாமரை. எழுத்து நான். ஆனால் டைட்டிலில் 'கடாரன்' என்று போடச் சொன்னேன். என் பெயரைப் பார்த்தால் இந்த மனுஷன் வாயிலிருந்து உண்மை வராது. எனக்குக் காமெடி எழுத வருமா வராதா என்பது இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

எல்லோரும் தாமரையின் போனையே பார்த்தோம்.

"வணக்கம் மக்களே. முதல்ல குறையைச் சொல்லிடறேன். அரண்மனை அட்டைன்னு அப்பட்டமா தெரியுது. ராஜாவோட ஒட்டுமீசை ஒரு பக்கம் தொங்குது."

தாமரை என் தொடையைக் கிள்ளினாள்.

"அப்புறம் அந்தப் போர் சீன். சோழப் படைத்தலைவர் வாளை உருவிக்கிட்டு, 'மன்னா, எதிரி வந்துட்டான் லா'ங்கறாரு!"

செத்தோம். மலேசியாவில் நாங்கள் வார்த்தைக்கு வார்த்தை ஒட்டிக்கொள்ளும் அந்த லா, நான் எழுதியதே இல்லை. நடித்த நாகையா அண்ணனுக்கு வாய் தவறி வந்தது. கவனித்தபோது வாடகைக் குதிரை வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மறுபடி எடுக்க வழியில்லை.

பின் சீட்டில் அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

போனில் அவர் முகத்தையே காணோம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் முட்டி முட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

"நம்ம லோரிக்காரன் போய் மொத்தப் படையையும் கெடுத்துட்டான் பாருங்க! இத யோசிச்ச ஆளு லேசுப்பட்ட ஆளு இல்ல. கடாரன் அண்ணே, யாருண்ணே நீங்க? நேர்ல பார்த்தா உங்க கையைப் புடிச்சுக் குலுக்கணும்ணே!"

வேன் ஆடியது. அண்ணன் விசிலடித்தார். தாமரை சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. எனக்கோ கால் தரையில் பாவவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் அவர் கார்க் கண்ணாடியைத் தட்டினேன்.

கண்ணாடி இறங்கியது. லைவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ எங்கம்மா இங்க? தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னுதானே சொன்ன?"

பதிலுக்குக் கையை மட்டும் நீட்டினேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவரிடம் அப்படிக் கை நீட்டியதே இல்லை. பாவம், சட்டைப் பையைத் தடவினார்.

"என்ன, வீட்டுச் சாவியா?"

"இல்லைங்க," என்றேன். "கடாரன்."