தாழ்வான தொட்டி

குளியல் தொட்டியின் உயரமான விளிம்பைத் தாண்டுகையில் பெரியவர் இருமுறை விழுந்திருந்தார். பழைய ஷவர் வால்வு திடீரென்று வெந்நீரைக் கொட்டியதில் தோளும் கொப்புளித்திருந்தது. "ரெண்டையும் மாத்தினா மூணு மாசச் சம்பளம் போயிடும்ப்பா" என்று இதுவரை கைவிரித்துவந்த மகன், இன்று கேளாமலே பிளம்பரை அனுப்பிவிட்டான். பெரியவருக்கு உச்சி குளிர்ந்தது.

"எவ்வளவு செலவானாலும் தொட்டி தாழ்வா இருக்கணும்னு சொல்லிட்டாருங்க" என்றார் பிளம்பர், அளவு நாடாவை விரித்தபடி.

"பாசக்காரப் பய!"

"காலைத் தூக்கி வைக்க முடியலையாமே. சூடு பட்டதும் கத்துதாம். பாவம், அதுக்கும் வயசாகுதில்ல?"

பெரியவருக்குச் சுருக்கென்றது. "என்னய்யா, வயசுல மூத்தவனை அது இதுங்கறே? மரியாதையாப் பேசு."

பிளம்பர் பதறிப்போனார்.

"ஐயையோ, உங்களைச் சொல்லலைங்க! வீட்டு நாயைச் சொன்னேன். உங்க பையனுக்கு அது பெத்த பிள்ளை மாதிரியாமே? நீங்க எப்பவும் வெளியில பக்கெட்லதான் குளிப்பீங்கன்னாரு..."

பெரியவர் மேல்துண்டை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"ஆமாமா," என்றார். "எனக்கு அதுதான் வசதி."