பட்டியலில் இல்லாத ஊர்

மாம்பழக் கூழ் ஆலையின் அலுவலக ஜன்னல் கம்பிகளைச் சின்னசாமி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். கங்காதர நெல்லூர்ப் பக்கமிருந்து அவர் கொண்டுவந்த தோத்தாபுரி மாங்காய், டிராக்டரில் வெயிலில் கிடக்கிறது. புளித்த வாடை அறைக்குள் வருகிறது.

"நேத்திலிருந்து நின்னுக்கினு கீறேன். எங்க ஊரு பேரு எங்கய்யா போச்சு?"

"லிஸ்ட்ல லேது பெருசு. வண்டியத் திருப்பு." மேலாளர் யஸ்வந்த் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கணினியின் முன்னால் கொள்முதல் கணக்கு பார்க்கும் பிரமிளா. ஊர், ரகம், மாதம் என்று அடுக்கடுக்காகக் கிடக்கும் கொள்முதல் எண்களைப் பட்டியலாக இறக்கும் ஸ்கிரிப்ட், அந்தச் சிறு நிரல், திரையில் இருக்கிறது. அதில் ஒரு கட்டளை, சென்ற ஆண்டு காய் தராத ஊர்களை விட்டுவிடுகிறது. சின்னசாமியின் ஊர்த் தோப்புகள் இந்த ஆண்டுதான் காய்த்திருக்கின்றன. அவள் அந்தக் கட்டளையை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுகிறாள். ஊரின் பெயர் வருகிறது, எதிரே வெற்றுக் கட்டங்கள்.

"சார், ஊர் இருக்குது. போன வருசத்து எண்தான் இல்ல."

"உன்ன யாரும்மா கேட்டா? அந்தக் கட்டளைய நான்தான் போடச் சொன்னேன். புது ஊரெல்லாம் உள்ள வுட்டா பழைய ஆளுங்க இன்னா துன்னுவாங்க?"

அவளை எழுப்பிவிட்டு அவன் உட்காருகிறான். ஒரு விரலால் கட்டளையைத் திரும்ப அடிக்கிறான். பெயர் மறைகிறது. ஜன்னலில் கைகள் இல்லை.

வெளியே டிராக்டர் உறுமுகிறது. சின்னசாமி அதை எடைமேடையின் நடுவில் நிறுத்தி, சாவியை மடியில் செருகிக்கொண்டு இறங்குகிறார்.

"லிஸ்ட்ல கீற வண்டி எப்டிப் போவுதுன்னு பாக்கறேன்."

பின்னால் லாரிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடிக்கத் தொடங்குகின்றன.