எல்லாரும் வந்தாச்சா

மூன்றாவது வரிசையில் என் தம்பி வாலண்டின் ஜாக்கெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். அந்த நிலவறை அரங்கில் பொம்மலாட்டம் பார்க்க வந்த பதின்மூன்று வயதுக்காரன் அவன் ஒருவன்தான்.

"என் கிளாஸ் பசங்க யாராவது பாத்தாங்கன்னா, உன்னை யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன் வெரா."

"அவங்க எதுக்கு இங்க வரப்போறாங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். நாம எதுக்கு வந்தோம்?"

ஓட்டிலியின் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் கடைசி அவள். ஐந்து வயது.

இன்று அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை. வாரம் விட்டு வாரம் அவர் இவர்களை வெளியே கூட்டிப் போக வேண்டும் என்பது அம்மாவும் அவரும் பிரிந்தபோது நீதிமன்றத்தில் பேசி எழுதிக்கொண்டது. காலை எட்டு பத்துக்கு அவருடைய குரல் செய்தி வந்தது. இன்றைக்கும் வேலை. பிறகு இரண்டு முறை தொண்டைச் செருமல். க்ஹம், க்ஹம். "அடுத்த தடவை நிச்சயமா வந்துடறேன்."

பொய் சொல்வதற்கு முன்னால் அவர் எப்போதும் இரண்டு முறை செருமுவார். அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வாலண்டினுக்கும் தெரியும்.

தொடர்ந்து ஐந்தாவது முறை. ஆறாவதோ என்று சந்தேகம் வந்து நாட்காட்டியைப் பார்த்தேன். ஐந்துதான்.

என்ன வேலை, எங்கே என்று அவர் சொல்வதில்லை. மேடை கட்டுவார், விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பார், எது கிடைக்கிறதோ அது.

ஓட்டிலி ஏழு மணியிலிருந்து பூட்ஸ் போட்டுக்கொண்டு ஜன்னலருகே நின்றிருந்தாள். நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டுமோ என்னவோ. நகராட்சியின் ஞாயிறு நிகழ்ச்சிப் புத்தகத்தை எடுத்து, பென்சிலைச் சீவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். மூன்று வயது வரை, நாலிலிருந்து ஆறு, பத்துக்கு மேல் என்று அதில் வயதுவாரியாகப் பிரித்திருந்தார்கள். ஐந்துக்கும் பதின்மூன்றுக்கும் சேர்ந்தாற்போல ஒன்றும் இல்லை. மலையேற்றப் பயிற்சிச் சுவருக்கு அவள் சின்னவள். வண்ணத்துப்பூச்சி வீட்டுக்கு அவன் பெரியவன். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன்.

பதினோராம் பக்கத்தில் பென்சில் நின்றது. சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். பிறகு இவர்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டேன்.

ட்ராமில் ஓட்டிலி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "போன தடவை அப்பா ட்ராம்ல ஏறும்போது நான் அழுதேன்ல. அதான் வரலியா?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அப்போது வந்த கோபம் இன்னும் என் தாடையிலேயே இருந்தது. அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை நான்கு நிறுத்தங்கள் வரை மனதுக்குள் திருத்தினேன்.

விளக்கு அணைந்தது. திரைக்கு மேலே கோமாளிப் பொம்மை காஸ்பெர்லின் சிவப்புக் குல்லாய் எட்டிப் பார்த்தது.

வியன்னாவில் வளர்ந்த யாருக்கும் அடுத்து என்ன என்று சொல்லித்தர வேண்டாம். எல்லாரும் வந்தாச்சா என்று காஸ்பெர்ல் கேட்பான். ஆமா என்று கத்த வேண்டும். காதில் விழவில்லை என்பான், மறுபடி கத்த வேண்டும். அது முடியாமல் கதை தொடங்காது.

"எல்லாரும் வந்தாச்சா?" கீச்சுக் குரல்.

அறுபது குழந்தைகள் ஆமா என்று கத்தின.

நான் எழுந்திருக்க வேண்டிய இடம் அதுதான். வாக்கியம் தயாராக இருந்தது. ஆனால் உட்கார்ந்தே இருந்தேன்.

"காதுலயே விழல. எல்லாரும் வந்தாச்சா?"

"இல்ல."

ஓட்டிலி நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். அரங்கமே சிரித்தது.

"யாரும்மா வரல? முதலையா? அது பல்லு தேய்ச்சிட்டிருக்கு."

"எங்க அப்பா வரல. போன தடவை நான் அழுதுட்டேன். அதான்."

காஸ்பெர்லின் இரண்டு கைகளும் விரிந்தபடியே நின்றுவிட்டன. பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். நான் எண்ணினேன். ஒன்பது வரை எண்ணினேன்.

இல்லை கண்ணு, உன்னால இல்ல. அவ்வளவுதான் காஸ்பெர்ல் சொல்ல வேண்டியது. மூன்று நொடி வேலை.

திரைக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். க்ஹம், க்ஹம்.

"அடுத்த தடவை நிச்சயமா வந்துடுவார்மா," என்றான் காஸ்பெர்ல்.

பெரியவர்கள் கைதட்டினார்கள். ஓட்டிலி திருப்தியாக உட்கார்ந்தாள்.

வாலண்டின் என் பக்கம் திரும்பினான். நான் பதினோராம் பக்கத்தை விரித்து, மேடை வெளிச்சத்தில் காட்டினேன். சின்ன எழுத்து. பொம்மைகளை ஆட்டுபவர் என்று போட்டு, அதன் பக்கத்தில் அப்பாவின் பெயர்.

அவன் அதைப் படித்தான். ஜாக்கெட்டின் ஜிப்பை மெதுவாகக் கீழே இறக்கினான்.

மூன்றாவது கேள்வி வரக் கொஞ்சம் நேரமானது. கீச்சுக் குரலில் கீச்சு குறைந்திருந்தது.

"எல்லாரும்... வந்தாச்சா?"

ஆமா என்று அரங்கம் அதிர்ந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை வாலண்டின் காத்திருந்தான். பிறகு எழுந்து நின்றான். உடைந்துகொண்டிருக்கும் அவன் குரல், யாரும் வேறு ஒருவருடையது என்று நினைத்துக்கொள்ள முடியாத குரல்.

"ஆமா. எல்லாரும் வந்தாச்சு, அப்பா."